க்வில்டா: செக் நாட்டின் மிக உயரமான ஊர் ஏன் அங்கே இருக்கிறது?

செக் குடியரசின் தென்மேற்கு எல்லையில், ஜெர்மனியின் பவேரியாவை ஒட்டி, ஷுமாவா என்ற மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் மேல்தளத்தில் 1065 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் க்வில்டா. ஆண்டு முழுக்க அங்கேயே குடியிருப்பவர்கள் இருநூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். நடுவில் ஒரு தேவாலயம், அதையொட்டி ஒரு சாலை, சாலையோரம் தங்கும் விடுதிகள், பின்னால் புல்வெளி, அதற்கப்பால் காடு. செக் நாட்டின் ஊராட்சிகளில் இதைவிட உயரத்தில் வேறொன்று இல்லை. வடமேற்கு எல்லையில் போஷி தார் 1028 மீட்டரில் இருக்கிறது. அதற்கு நகர அந்தஸ்து இருப்பதால் ‘மிக உயரமான நகரம்’ என்ற பெயர் அதற்குப் போய்விட்டது.

1065 மீட்டர் என்பது பெரிய உயரமாகத் தோன்றாது. ஆனால் 49 டிகிரி வடக்கில் அந்த உயரத்துக்கு வேறு அர்த்தம். குளிர்காலம் சீக்கிரம் வந்து, தாமதமாகப் போகும். கோதுமைக்கு வழியே இல்லை. ஓட்ஸ் ஓரளவு வரும், 18-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு உருளைக்கிழங்கு வந்தது, மாட்டுக்குப் புல் உண்டு. உழவை நம்பி யாரும் தேடி வரக்கூடிய மண் இல்லை இது. அப்படியானால் இங்கே ஊர் ஏன் உருவானது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் க்வில்டா மட்டுமல்ல, மத்திய ஐரோப்பாவின் பல மலைக்கிராமங்களின் கதையும் பிடிபட்டுவிடும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஷுமாவா மிகப் பழைய மலை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எழும்பிய ஒரு பெரும் மலைத்தொடரின் தேய்ந்த அடிப்பாகம்தான் இன்று கிரானைட்டும் நைஸ் பாறையுமாக மிச்சம் இருக்கிறது. ஆல்ப்ஸ் போன்ற கூர்முனைகள் இங்கே இல்லை. மேலே ஏறிவிட்டால் விரிந்த மேட்டுச்சமவெளி, மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் குன்றுகள். நீர் வேகமாக ஓடிவிடச் சரிவு போதாது. அது தேங்குகிறது. தேங்கிய இடத்தில் ஸ்ஃபாக்னம் என்ற பாசி வளர்கிறது, குளிரிலும் அமிலநீரிலும் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. இப்படிச் சேர்ந்த பொருளைத்தான் பீட் என்கிறோம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில், பனியுகம் முடிந்த நாள் முதல் இன்றுவரை, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு அது சேர்ந்திருக்கிறது. இந்தச் சதுப்பை உள்ளூரார் ‘ஸ்லாத்’ என்பார்கள்.

க்வில்டாவுக்குப் பக்கத்திலேயே யெசெர்னி ஸ்லாத் இருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் நடந்தால் இருபுறமும் குள்ள பைன் மரங்களையும், முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத குள்ள பிர்ச் செடியையும் பார்க்கலாம். இந்தச் செடியின் சொந்த ஊர் வட துருவத்தை ஒட்டிய நிலங்கள். பனியுகத்தில் தெற்கே வந்தது, பனி விலகிய பிறகும் இந்தச் சதுப்பை விட்டுப் போகவில்லை.

அது போகாமல் தங்கிவிட்டதற்குக் காரணம் குளிர். 1987 ஜனவரி 30 அன்று இந்தச் சதுப்புப் பகுதியில் மைனஸ் 41.6 டிகிரி பதிவானது. இந்த அளவு குளிர் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது எளிது. குளிர்ந்த காற்று சூடான காற்றைவிட எடை கூடியது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கும், சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தங்கும். பள்ளத்தின் வாய் அகலமாகத் திறக்காவிட்டால் அங்கிருந்து அது வெளியேற முடியாது. மேலே பனிப்போர்வை இருந்தால் மண்ணின் சூடும் எட்டாது. அதனால் பள்ளத்தில் நிற்பவர் உறைந்துகொண்டிருக்கும்போது சற்று மேலே குன்றின் தோளில் இருப்பவருக்குப் பல டிகிரி கதகதப்பு கூடுதலாக இருக்கும். ஜூலை மாதத்தில்கூட அங்கே விடியற்காலையில் புல் மேல் உறைபனி படியும். பயிர் வைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் இந்த நிலத்துக்கு உண்டு. ஐரோப்பாவின் பெரிய நீர்ப்பிரிப்புக் கோடு இதன் வழியாகத்தான் போகிறது. பவேரியப் பக்கம் விழும் மழைத்துளி டான்யூப் ஆற்றில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகும். இந்தப் பக்கம் விழுந்தால் வல்தாவாவில் சேர்ந்து, பிராக் நகரைத் தாண்டி, எல்பே ஆற்றோடு கலந்து வடகடலுக்குப் போகும். செக் மக்கள் தங்கள் தேசிய ஆறாகக் கருதும் வல்தாவாவின் ஊற்று க்வில்டாவிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டரில், செர்னா ஹோரா என்ற 1315 மீட்டர் குன்றின் சரிவில், 1172 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிற்றோடையாக க்வில்டாவுக்கு இறங்கி வந்து, தெப்லா வல்தாவா என்ற பெயரில் தொடர்ந்து ஓடுகிறது. பவேரியாவில் பிறந்து வரும் ஸ்துதெனா வல்தாவாவோடு சேர்ந்த பிறகுதான் அது வெறும் வல்தாவா. மொத்த நீளம் 430 கிலோமீட்டர்.

இனி மனிதர்களுக்கு வருவோம். இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் எல்லாம் உண்டு: தானியம், வெள்ளி, தங்கம், மரம். உப்பு மட்டும் இல்லை. இறைச்சியைப் பதப்படுத்தவும், மாட்டுக்கு வைக்கவும், வெண்ணெய் கெடாமல் காக்கவும் உப்பில்லாமல் முடியாது. ஆல்ப்ஸ் அடிவாரச் சுரங்கங்களில் எடுத்த உப்பு படகில் டான்யூப் கரையிலுள்ள பாசாவ் நகருக்கு வந்தது. அங்கிருந்து மலையைக் கடந்து பொஹீமியாவுக்குக் கொண்டுவர வண்டிப்பாதை கிடையாது. குதிரை முதுகில்தான் ஏற்ற வேண்டும். இந்தப் பொதிவழிக்குத்தான் தங்கப்பாதை என்று பெயர். 1010-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே இதன் பேச்சு இருக்கிறது. பழைய கிளை பிராகதிட்சே ஊருக்குப் போனது, இன்னொன்று விம்பெர்க்குக்கு. மூன்றாவது கிளையை 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் நான்காம் கார்ல் ஊக்குவித்தார். தங்கச் சுரங்கங்கள் இருந்த காஷ்பெர்ஸ்கே ஹோரிக்குப் போன அந்தக் கிளையைக் காக்க 1356-இல் காஷ்பெர்க் கோட்டையும் கட்டத் தொடங்கினார்கள். இந்த மூன்றாவது கிளைதான் க்வில்டா வழியாகப் போனது. க்வில்டா என்ற பெயர் ஏட்டில் முதன்முதலாக வருவது 1345-இல்.

ஆக, ஊர் ஏன் இங்கே வந்தது என்ற கேள்விக்கு முதல் பதில் பாதை. எல்லைக்காட்டைக் கடந்து வந்த குதிரைக்குத் தண்ணீர் வேண்டும், ஆளுக்கு ஒரு இரவுத் தங்கல் வேண்டும், லாடம் அடிக்க ஒருவர் வேண்டும். வரும்போது உப்பு, திரும்பும்போது தானியம். பாசாவிலிருந்து ஏறி வருபவனுக்கு எல்லை தாண்டிய பிறகு வரும் திறந்தவெளி இதுதான். குதிரைக் குளம்புகள் நூற்றாண்டுக்கணக்கில் மிதித்து மண்ணை அரித்ததில் காட்டுக்குள் ஆழமான பள்ளவழிகள் உண்டாயின. ஒன்று மிகவும் குழியானதும் பக்கத்தில் இன்னொன்று போட்டார்கள். இன்றும் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையில் பாசி மூடிய இணைக்குழிகளாக அவை தெரிகின்றன. ஷுமாவாவில் எந்தக் கோட்டையைவிடவும் எனக்கு இந்தக் குழிகள்தான் முக்கியமான நினைவுச்சின்னமாகப் படுகிறது. கோட்டை யாரோ ஒருவரின் ஆணையில் எழுந்தது. இதை வெட்டியவை பெயர் தெரியாத குதிரைகளும் அவற்றை ஓட்டியவர்களும்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொஹீமியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு தன் சொந்த உப்பையே வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டு பாசாவ் உப்பை வெளியே நிறுத்தியது. தங்கப்பாதை அடங்கியது. க்வில்டா கலைந்துபோயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் அடுத்த பிழைப்பு காட்டிலேயே இருந்தது.

அது கண்ணாடி. கண்ணாடி செய்ய வெண்கல் தூள் வேண்டும், உலைக்கு விறகு வேண்டும், தூள் உருக உதவும் பொட்டாஷ் வேண்டும். பொட்டாஷ் மரச்சாம்பலிலிருந்து எடுப்பது. உலையில் எரித்ததைவிட இந்தச் சாம்பலுக்காக எரித்த மரம் பல மடங்கு அதிகம். அதனால் கண்ணாடி உலை ஒரே இடத்தில் நிலைக்காது. சுற்றுக்காடு தீர்ந்ததும் உலை நகரும். வெட்டிய இடம் புல்வெளியாகும், வேலைக்கு வந்தவர்களில் சிலர் இரண்டு மாடு வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார்கள். க்வில்டாவைச் சுற்றி இன்று அழகிய மலைப்புல்வெளிகள் என்று நாம் படமெடுப்பவற்றில் பலவும் இப்படி வந்தவை. வயலோரங்களில் நீளமாகக் குவித்த கற்கள் தெரியும். உழும்போது கையில் தட்டுப்பட்ட ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் போட்டுப் போட்டுச் சேர்ந்த வரப்புகள் அவை.

கண்ணாடி மலிவாகக் கிடைத்த ஊரில் ஒரு கலையும் வேர்பிடித்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் க்வில்டா கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டும் ஓவியங்களுக்குப் பேர்போன இடம். பனி மூடிய மாதங்களில் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய வேலை. செய்முறை தலைகீழானது. மாதிரித்தாளை மேசையில் விரித்து அதன் மேல் கண்ணாடியை வைப்பார்கள். கோட்டுருவம் கண்ணாடிக்கு அடியில் தெரியும். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைப்பதை இங்கே முதலில் வைக்க வேண்டும்: கண்ணின் கருமணி, ஆடை மடிப்பின் கோடு, ஒளிவட்டத்தின் விளிம்பு. அது காய்ந்ததும் முகத்தின் நிறம், பிறகு ஆடை, எல்லாவற்றுக்கும் பின் பின்னணி. திருப்பிப் பார்ப்பது முன்பக்கத்தை என்பதால் இடம் வலமாகும், வலம் இடமாகும். பின்னணி பூசிய பிறகு கண்ணைத் திருத்த வழியில்லை. குடும்பமாக உட்கார்ந்து ஒருவர் கோடு, ஒருவர் நிறம் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். தீயிலிருந்து காக்கும் புனித ஃப்ளோரியான், ஆடுமாடுகளைக் காக்கும் புனித வென்டெலின் போன்றோரின் படங்களை முதுகுச் சட்டத்தில் அடுக்கிச் சுமந்து நடைவியாபாரிகள் ஊர் ஊராக விற்றார்கள். வசதியற்ற வீட்டின் ஒரே அலங்காரம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது. அச்சுப் படங்கள் மலிவாக வந்ததும் இந்தத் தொழில் முடிந்துபோனது. அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்க்க நேர்ந்தால் கோடு எங்கே தொடங்கியிருக்கும் என்று கண்ணில் தேடிப் பாருங்கள். அவசரமாக, ஆனால் தடுமாறாமல் ஓடிய கை தெரியும்.

கண்ணாடிக்குப் பின் மரம். பிராக்குக்கு விறகு தேவைப்பட்டது. ஆற்றில் மிதக்கவிட்டால் போதும்தான், ஆனால் பக்கத்து மோத்ராவாவுக்குக் கீழே விட்ரா ஆறு பாறைகளால் அடைபட்டது, கட்டைகள் சிக்கிக்கொள்ளும். 1799 முதல் 1801 வரை யோசெஃப் ரோசெனாவர் என்ற பொறியாளர் ஷ்வார்ட்சென்பெர்க் பிரபுக் குடும்பத்துக்காக அந்தப் பாறைப்பகுதியைச் சுற்றி ஒரு கால்வாயை வெட்டினார். மரம் ஒட்டாவா ஆற்றுக்கு இறங்கிப் பிராக் போனது. மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையம் விழுந்த மலை ஸ்ப்ரூஸ் மரத்துக்கு இசைக்கருவிகளின் ஒலிப்பலகையாகவும் கிராக்கி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மோத்ராவாவில் ஃப்ரான்ஸ் பீனெர்ட் அதற்கென்றே பட்டறை அமைத்தார். க்வில்டாவின் புனித ஸ்டீவன் தேவாலயம் அந்த நூற்றாண்டின் கடைசியில் நவகோதிக் பாணியில் எழுந்தது.

காட்டை நம்பிய பிழைப்பு காட்டோடு சேர்ந்தே ஆட்டம் காணும். 1868-இலும் 1870-இலும் வீசிய சூறைக்காற்று பெருங்காடுகளைச் சாய்த்தது. அதன் பின்னால் பட்டை வண்டு வந்தது. இந்த வண்டு பட்டைக்கு அடியில் குடைந்து முட்டையிடும். நலமான மரம் பிசினைப் பொழிந்து வண்டை மூழ்கடித்துவிடும். சாய்ந்த மரத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. அங்கே பெருகியது நிற்கிற மரத்தையும் தாக்கும் அளவுக்குப் பெருங்கூட்டமாகிவிடும். மரம் வெட்டி அப்புறப்படுத்த எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், சில ஆண்டுகள் கூலி பெருகியது, பிறகு வேலை தீர்ந்தது. வெட்டிய இடத்தில் ஒரே வயது ஸ்ப்ரூஸை வரிசையாக நட்டார்கள். நாம் ஆதிகாடு என்று நினைக்கும் பல இடங்கள் அந்த நடவுதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்ன மனிதர்கள் யார் என்று சொல்லாமல் விட்டேன். 1945 வரை க்வில்டாவில் பேசிய மொழி ஜெர்மன். ஊரின் ஜெர்மன் பெயர் அவுசர்கெஃபில்ட். 1938 செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப்பகுதிகளை ஹிட்லருக்குத் தாரைவார்த்தபோது க்வில்டாவும் அதில் போனது. அடுத்த ஆண்டு மிச்ச செக் நிலத்தையும் நாஜிகள் பிடித்தார்கள். போர் முடிந்ததும் வெஞ்சினம் ஊர் ஊராகத் திரும்பியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள். க்வில்டாவின் குடும்பங்களும் கையில் எடுத்துச் செல்ல முடிந்ததோடு போனார்கள். நாஜிகள் செய்த கொடுமையை யாரும் சிறிதாக்கிவிட முடியாது. ஆனால் கல்வரப்பு குவித்த வீட்டின் பாட்டியும் பேரனும் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஒரே கணக்கில் எல்லோரையும் எழுதித் தீர்த்தது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உள்நாட்டிலிருந்து புதியவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இந்தக் குளிரையும் மண்ணையும் கண்டு பலர் நிலைக்கவில்லை. 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு, கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் பிரித்த இரும்புத்திரை இந்த மலைமுகட்டின் மேல்தான் இறங்கியது. 1950-களில் முள்வேலி, அதில் உயரழுத்த மின்சாரம், காவல்கோபுரம். எல்லையை ஒட்டிய ஊர்களை இடித்துத் தள்ளினார்கள். க்வில்டாவுக்குத் தெற்கே, அதைவிட உயரத்தில் இருந்த புச்சினா அப்படி அழிந்தது. தென்கிழக்கில் க்னீஷெட்ஸி ப்லானே ஊரின் தேவாலயத்தை 1956-இல் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது, கல்லறைத் தோட்டம் மட்டும் மிஞ்சியது. சில கிலோமீட்டர் உள்ளே இருந்ததால் க்வில்டா தப்பியது. ஒரு காலத்தில் பாசாவிலிருந்து வரும் வழியின் வாசலாக இருந்த ஊர், முட்டுச்சந்தாகிவிட்டது.

ஆள் நடமாட்டம் இல்லாமல் போனதால் காடும் சதுப்பும் பிழைத்தன என்பது உண்மை. 1963-இல் ஷுமாவா பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியானது. இரும்புத்திரை விழுந்தபின் 1991-இல் தேசியப் பூங்காவானது, பரப்பு 680 சதுர கிலோமீட்டருக்கு மேல். எல்லைக்கு அப்பால் பவேரியக் காடு 1970-லேயே ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவாகியிருந்தது. அங்கே 1983-இல் சூறையில் விழுந்த மரங்களின் ஒரு பகுதியை எடுக்காமல் அப்படியே விட்டார்கள். வண்டு பெருகியது. வண்டுக்கு எல்லைக்கோடு தெரியாது. 2007 ஜனவரி 18 இரவு கிரில் என்ற புயல் ஷுமாவாவில் மேலும் பெரும்பரப்பைச் சாய்த்தது. வல்தாவா ஊற்றைச் சுற்றிய காடே சாம்பல் நிறக் கம்பங்களாக நின்றது.

அப்போது எழுந்த சண்டை இன்றும் முழுதாக ஓயவில்லை. வெட்டி அகற்றி வண்டைத் தடுக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. விட்டுவிட்டால் காடு தானே எழும் என்றது இன்னொரு தரப்பு. 2011-இல் மோத்ராவா அருகே மரவெட்டைத் தடுக்க ஆர்வலர்கள் மரங்களை ஒட்டி நின்றார்கள், காவலர்கள் அவர்களை இழுத்து அகற்றினார்கள். ஊர்க்காரர்களின் கோபத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. பச்சைக் காட்டைப் பார்க்க வருபவரை நம்பி வாழும் ஊரைச் சுற்றி எல்லாம் செத்து நின்றால் வயிறு கலங்காதா? ஆனாலும் விட்டுவைத்தவர்கள் பக்கம்தான் நான். நட்ட காடு ஒரே வயது என்பதால் ஒரேயடியாகச் செத்தது. இப்போது அந்தக் கம்பங்களுக்கு அடியில் பல வயதில் ஸ்ப்ரூஸும் இடையிடையே ரோவன் மரமும் எழுந்துகொண்டிருக்கின்றன. லின்க்ஸ் காட்டுப்பூனையை 1980-களில் மீண்டும் விட்டார்கள், அது நிலைத்துவிட்டது. க்வில்டாவின் பார்வையாளர் மையத்தில் மானையும் லின்க்ஸையும் அடைப்பில் பார்க்கலாம்.

இன்று க்வில்டாவின் பிழைப்பு வருகிறவர்கள்தான். குளிர்காலத்தில் சமவெளியில் நீளும் பனிச்சறுக்குத் தடங்கள், கோடையில் நடையும் சைக்கிளும். பழைய வீடுகளில் சிலவற்றில் காற்று வீசும் பக்கச் சுவர் முழுக்க மர ஓடுகள் வேய்ந்திருப்பதைக் கவனியுங்கள். மழையும் பனியும் சாய்ந்தடிக்கும் ஊரில் கூரைக்குச் செய்வதைச் சுவருக்கும் செய்திருக்கிறார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு யோசனை. க்வில்டாவிலிருந்து புச்சினா போகும் சாலையில் வெளியாரின் கார்களுக்கு அனுமதி இல்லை. பருவகாலத்தில் பூங்காவின் பச்சைப் பேருந்து போகும். அதில் ஏறிப் புச்சினாவில் இறங்குங்கள். ஊர் இருந்த இடத்தில் ஒரு விடுதியும், 1990-களில் மீண்டும் எழுப்பிய சிற்றாலயமும், நினைவுக்காக வைத்திருக்கும் முள்வேலித் துண்டும் இருக்கும். எல்லை நடந்தே போகும் தூரம்தான், தடுப்பார் யாரும் இல்லை. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் தெரியும். அங்கிருந்து காட்டுவழியில் வல்தாவா ஊற்றுக்கு நடந்து, ஓடையைப் பிடித்துக்கொண்டு க்வில்டாவுக்கு இறங்கலாம். வழி பெரும்பாலும் இறக்கம், குழந்தைகளும் நடப்பார்கள். கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.